உட்காருவதற்கு முன்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் எழுதிக்கொண்டது. இங்கே அண்ணன், வாண்டு, நான் மூவரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதவும். போனில் கேட்டால் "நல்லாயிருக்கேன், நல்லாயிருக்கேன்" என்று சொல்லிவிட்டு மகளிடம் கொடுக்கச் சொல்கிறீர்கள். வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அண்ணன் சட்டைப் பையில். உங்கள் பக்கத்திலோ அறை நிறையப் பெண்கள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். பயப்படாதீர்கள், குறை சொல்வதற்காக இல்லை. நாம் ஒரே அடுப்படியில் நின்று சண்டை போட்டவர்கள். இப்போது ஆளில்லாமல் எனக்கு நாக்கு நமநமக்கிறது.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. உங்களை அனுப்பிவைத்த அதே ஏஜெண்ட்தான் வாங்கித் தந்தார். என்ன வேலை தெரியுமா? படம் பார்க்கிற வேலை. கடைத்தெருவில் மெத்தைக்கடைக்கு மேல்மாடியில் ஒரு பெரிய ஹால், வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர். திரையில் சின்னச் சின்னப் படத்துண்டுகள் வரும். அதில் யாராவது ஒருவர் வேலை செய்துகொண்டிருப்பார். என்ன செய்கிறார் என்று பார்த்து நாங்கள் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். இப்படி இயந்திரத்துக்குப் பாடம் சொல்லித் தருகிறோமாம். வாண்டுவுக்கு வாய்ப்பாடு சொல்லித் தருவதிலேயே எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடுகிறது, இதில் இயந்திரத்துக்கு வேறு டீச்சர் ஆகிவிட்டேன். வெளியாள் யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அண்ணி வெளியாள் இல்லையே.

அண்ணனுக்கு இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் மாதிரியா இருக்கிறார்? கட்டடத்துக்கே சொந்தக்காரர் மாதிரி கோலை ஊன்றிக்கொண்டு எங்களை அதிகாரம் செய்கிறார். ஆபரேஷன் செய்தால் கோல் வேண்டியிருக்காது என்று டாக்டர் மறுபடி சொன்னார். செப்டம்பரில் உங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டால் தைரியமாகச் செய்துகொள்ளலாம் என்று அண்ணன் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வாண்டு அச்சு அசல் நீங்களேதான். எந்த டப்பாவை மூடினாலும் மூடிமேல் இரண்டு தட்டு தட்டுகிறாள், குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி. ஏன் என்று கேட்டால், "அம்மா அப்படித்தான் மூடுவாங்க" என்கிறாள். உங்களை நான் எத்தனை கேலி செய்திருப்பேன் இதற்காக. இப்போது வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

ஆபீசில் சுழல்நாற்காலி என்றீர்களே, சுற்றிப் பார்த்தீர்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். 
நாத்தனார்

*

பிப்ரவரி 25

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணி எழுதுவது. நான் நலமே. நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் நினைப்பு.

உனக்கு வேலை கிடைத்ததில் சந்தோஷம். கண்ணைப் பார்த்துக்கொள். அவ்வப்போது எழுந்து நட.

இங்கே ஆபீஸ் வேலை சிரமமில்லை. நாற்காலி நன்றாகச் சுழல்கிறது. வீட்டிலிருந்தபடியே ஆட்கள் கேட்கும் பொருள்கள் சரியாகப் போய்ச் சேருகின்றனவா என்று பார்ப்பதுதான் என் வேலை. என்னென்ன கேட்கிறார்கள் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். நாய்க்கு சோபா. மெத்தை வைத்து, கழற்றித் துவைக்க உறை போட்டு, நம் வீட்டுக் கட்டிலைவிட நன்றாக இருக்கிறது. இன்னொன்று, பொத்தானை அழுத்தினால் உயரும் மேசை. இங்குள்ளவர்கள் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்களாம். அதனால் நின்றுகொண்டு வேலை பார்ப்பதற்காக அந்த மேசை. நல்ல கனம், ஒரு ஆள் தூக்க முடியாது.

சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று. முதல் நாள் அதைப் படித்ததும் உன் ஞாபகம் வந்தது. குடும்பம் என்றால் சண்டை போட ஒரு ஆள் வேண்டாமா?

ஒரு உதவி. என் அறையில் இருக்கும் ஒரு தோழிக்குச் சாயங்காலமானால் முழங்காலும் பாதமும் வீங்கிவிடுகின்றன. தெருக்கோடி நர்ஸம்மாவிடம் என்ன செய்யலாம் என்று கேட்டு எழுது. அவளுக்காகத்தான்.

உன் அண்ணனைக் கோலோடு மாடிப்படி ஏற விடாதே. வாண்டுவுக்கு என் முத்தம்.

அன்புடன், 
அண்ணி

*

மார்ச் 16

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கு யாவரும் நலம். அங்கு நீங்களும், வீங்கிய காலோடு உங்கள் தோழியும் நலமா?

நர்ஸம்மாவைக் கேட்டேன். "மருந்து கிருந்தெல்லாம் அப்புறம். முதல்ல அந்தப் பொண்ண உட்காரச் சொல்லு" என்றார். அவ்வப்போது உட்கார்ந்து காலை உயரத்தில் வைத்தால் பாதி வீக்கம் வடிந்துவிடுமாம். இதைச் சொல்ல ஒரு நர்ஸா என்று நினைக்காதீர்கள், அவர் சொன்னதையே எழுதுகிறேன்.

இப்போது என் பெருமை. இந்த மாதம் "கூர்மையான கண்" என்று எனக்குப் பரிசு கொடுத்தார்கள், ஒரு ஃபிளாஸ்க். எங்களுக்கு நான்கு பொத்தான்: வேலை, நடை, சும்மா நிற்பது, உட்கார்ந்திருப்பது. நான் ஒன்றைக்கூடத் தவறவிடுவதில்லை. எந்த ஊர்க் கிடங்கு என்று சொல்லமாட்டார்கள். முகத்தையும் அழித்துவிடுகிறார்கள், அடையாளம் தெரியக்கூடாதாம், மரியாதையாம். ஆனால் படம் உடனுக்குடன் வருகிறது.

அதில் ஒருத்தி இருக்கிறாள் அண்ணி. யாரும் இல்லாத சந்தாகப் பார்த்துப் போவாள். ஒரு பெட்டியைக் கவிழ்ப்பாள், மேலே உட்கார்ந்துகொள்வாள். என்ன தோரணை தெரியுமா! அவளுக்கு எங்கள் வரிசையில் "மகாராணி" என்று பெயர் வைத்திருக்கிறோம். "உன் மகாராணி கொலுவுக்கு வந்தாச்சு" என்பாள் பக்கத்து சீட் கண்ணாடிக்காரி. மற்றவர்கள் தவறவிட்டாலும் நான் விடமாட்டேன். அந்த ஃபிளாஸ்கில் பாதி மகாராணி கொடுத்தது.

எழுந்து நடக்கச் சொன்னீர்களே, அதுதான் முடியாது. நாற்காலியிலிருந்து எழுந்தால் திரையின் ஓரம் சிவப்பாகிவிடும், சம்பளத்தில் கை வைப்பார்கள். தண்ணீர் குடித்தால் எழ வேண்டிவரும் என்று தண்ணீரே குடிப்பதில்லை. எனக்குக் கிடைத்த பரிசைப் பாருங்கள், ஃபிளாஸ்க்!

எங்கள் சுவரிலும் அதே வாசகம்தான், "நாமெல்லாம் ஒரே குடும்பம்". எல்லாக் கம்பெனிக்கும் ஒரே பெயிண்டர் போலிருக்கிறது.

நாத்தனார்

*

ஏப்ரல் 24

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

நர்ஸம்மா சொன்னதைத் தோழியிடம் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் வேலை செய்யும் இடத்தில் உட்காரக்கூடாதாம். உட்கார்ந்தாள் என்று மஞ்சள் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். யார் பார்த்துச் சொன்னது என்று கேட்டாளாம். மனிதர்கள் யாரும் பார்ப்பதில்லை, இயந்திரம் பார்க்கிறது, அது தப்பே செய்யாது என்றார்களாம்.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நீ பார்க்கும் படத்தில் அந்த ஆட்கள் என்ன நிறத்தில் மேல்சட்டை போட்டிருப்பார்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

தண்ணீர் குடிக்காமல் இருக்காதே.

அண்ணி

*

மே 9

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதம்தான் இளைத்துப்போய் வந்திருந்தது.

சட்டை நிறத்தையெல்லாம் கேட்டு என்ன செய்யப்போகிறீர்கள், உங்களுக்கும் ஒன்று தைக்கவா? கரும்பச்சை. முதுகில் குறுக்காக வெள்ளைப் பட்டை, அதன் கீழே எண். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

பாவம் உங்கள் தோழி. அவள்மேல் புகார் சொல்லும் இயந்திரத்துக்குப் பாடம் சொல்லித் தந்தவள் எவளோ, அவள் கையில் கட்டை விழ. நல்லவேளை, நாங்கள் வெறுமனே பாடம்தான் நடத்துகிறோம், யாருக்கும் கெடுதல் இல்லை.

வாண்டு கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினாள். அத்தை கொடுத்த பாடம் என்று ஊரெல்லாம் சொல்லிவருகிறேன். உடனே பதில் போடவும்.

நாத்தனார்

*

ஜூன் 14

அண்ணி,

நலம் விசாரிக்க இன்று எனக்கு வாய் வரவில்லை. நீங்களும் பதில் போடவில்லை.

மகாராணி கொஞ்ச நாளாகத் திரையில் வரவில்லை. போன திங்கட்கிழமை வந்தாள். வேறு வரிசைக்கு மாற்றியிருந்தார்கள், பெட்டி மூடுகிற வரிசை. முதுகில் அதே எண், காலைத் தாங்கித் தாங்கி நடக்கிற அதே நடை. இத்தனை நாள் அவள் உட்கார்ந்ததை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், வேலை செய்து பார்த்ததில்லை. ஒரு பெட்டியை மூடினாள். ஓரத்தில் டேப்பை ஒட்டினாள். மூடிமேல் இரண்டு தட்டு தட்டினாள்.

அடுத்த பெட்டிக்கும் அதே இரண்டு தட்டு. அதற்கடுத்ததற்கும்.

அப்புறம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெட்டி அடுக்கின் விளிம்பில் சாய்ந்து உட்கார்ந்தாள். பொத்தான் என் விரலுக்கடியில் இருந்தது. கண்ணாடிக்காரி, "உன் ஆளு உட்கார்ந்துட்டா, போடு" என்றாள். நான் "வேலை" என்று போட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாகப் பொய் சொன்ன மாதிரி இருந்தது.

மேற்பார்வையாளரிடம் போய்க் கேட்டேன், இந்தக் குறியால் அந்த ஆட்களுக்கு ஏதாவது ஆகுமா என்று. "உங்களுக்கு எதுக்கும்மா அதெல்லாம்? பார்த்தமா, போட்டமா, போனமா" என்றார். ஆகாது என்று அவர் சொல்லவில்லை. இயந்திரம் கிடையாது அண்ணி. இயந்திரம் என்று அவர்கள் சொல்வது மெத்தைக்கடை மாடியில் உட்கார்ந்திருக்கும் எங்களைத்தான்.

உங்கள் தோழி யார் அண்ணி? அவள் பெயர் என்ன? சுழல்நாற்காலி எங்கே?

அந்த ஃபிளாஸ்கைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டேன். வேலையை விட்டுவிடப் போகிறேன். எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

*

ஜூலை 2

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். பொய் சொல்லவில்லை, வீக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

தோழி என்று யாரும் இல்லை. அது உனக்கே தெரிந்துவிட்டது. ஆபீசும் இல்லை, நாற்காலியும் இல்லை. நம் தெரு முழுவதையும் உள்ளே வைத்தாலும் மிச்சம் இருக்கும் அளவுக்கு ஒரு கிடங்கு. அதில் நாள் முழுக்க நடந்து, பொருளை எடுத்துப் பெட்டியில் வைக்கிற வேலை. ஆபீஸ் வேலை என்று ஏஜெண்ட் சொல்லித்தான் வந்தேன். வந்தபின் உன் அண்ணனிடம் வேறு மாதிரி சொல்ல மனம் வரவில்லை. நின்றபடி வேலை பார்க்க மேசை வாங்குகிறவர்களுக்கு, நான் நாள் முழுக்க நின்றபடி அந்த மேசையைக் கட்டி அனுப்புகிறேன். நாய் சோபாவைத் தூக்கும்போதெல்லாம் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்க்கலாமா என்று தோன்றும்.

மகாராணி நான்தான் என்று உன் மார்ச் மாதக் கடிதத்திலேயே சந்தேகம் வந்துவிட்டது. கவிழ்த்த பெட்டி என்று எழுதியிருந்தாயே. சட்டை நிறம் வந்ததும் உறுதியாகிவிட்டது. கோபம் வந்தது, ஏன் மறைக்க வேண்டும்? அத்தனை பெண்கள் சிரிக்க எனக்குப் பெயர் வைத்திருக்கிறாள் என்று பல்லைக் கடித்தேன். பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். என்ன எழுதுவது? வேலையை விடு என்றா? உன் சம்பளத்தில்தான் என் மகள் பால் குடிக்கிறாள். என் சம்பளத்தில் உன் அண்ணன் மருந்து சாப்பிடுகிறார். இரண்டையும் கொடுப்பவன் ஒருவனே. நீ உட்கார்ந்தால் சம்பளம், எழுந்தால் பிடித்தம். நான் நின்றால் சம்பளம், உட்கார்ந்தால் மஞ்சள் சீட்டு. நம்மில் ஒருத்தியை வைத்து இன்னொருத்தியைக் காவல் காக்கவிட்டு, சுவரில் குடும்பம் என்று எழுதிவைத்திருக்கிறான். அவனுக்கே தெரியாமல் உண்மையை எழுதிவிட்டான்.

நன்றாகக் கேள். வேலையை விடாதே. எனக்கு மட்டும் "வேலை" என்று போடுவதையும் விடு. என் பக்கத்து வரிசையில் உயரமாக ஒரு பெண் இருந்தாள். இடுப்பு வலியில் உட்கார்ந்தாள் என்று போன வாரம் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது தன் காலுறைகளை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அவளுக்குக் குறி போட்டவளும் யாருக்கோ நாத்தனார்தான். அவளுக்காகத் திரையின் முன்னால் அழ ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு உதவி செய்வதென்றால் எல்லோருக்கும் செய். இல்லாவிட்டால் எனக்கும் வேண்டாம்.

உன் அண்ணனிடம் நீயே சொல்லிவிடு. எனக்கு அந்தத் தைரியம் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு, 
மகாராணி

*

ஜூலை 18

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம். உங்கள் முழங்கால் நலமா? கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டு, அப்புறம் சிரித்துவிட்டேன். அந்தப் பெயரை நீங்கள் விடப்போவதில்லை என்று தெரிகிறது. எனக்கு வேண்டியதுதான்.

அண்ணனிடம் சொன்னேன். கோலைக் கீழே வைத்தார். "போன்ல எவ்வளவு சந்தோஷமா பேசினா" என்றார். அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், "அவகிட்ட சொல்லு, ஆபரேஷன் எங்கயும் ஓடிப்போகாது. என்னை நினைச்சுப் பயப்பட வேண்டாம்னு சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன்.

ஹாலில் போனையெல்லாம் வாங்கிப் பூட்டிவிடுவார்கள். அதனால் டீக்கடை வாசலில் வைத்து எங்கள் வரிசைப் பெண்களிடம் சொன்னேன். கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். மூலைசீட்டுக்காரிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அவளுக்கும் வீட்டில் உலை வைக்க வேண்டுமே. "மகாராணி உங்க அண்ணி, சரி. மத்தவங்க எனக்கு யாரு?" என்று கேட்டாள். கண்ணாடிக்காரிதான் சொன்னாள். "குடும்பம்னு அவன்தானே எழுதிவச்சிருக்கான். ஒரு நாளாவது குடும்பமா இருந்து பார்ப்போம்."

அதன்பிறகு யார் உட்கார்ந்தாலும் நாங்கள் "வேலை" என்றே போட்டோம். நான்கு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. விடை முன்பே தெரிந்த படங்களை நடுவில் கலந்து அனுப்பி எங்களைச் சோதிப்பார்களாம். எங்கள் வரிசை முழுவதும் தவறு என்று மேற்பார்வையாளர் காச்மூச் என்று கத்தினார். எல்லோருக்கும் பிடித்தம், மூலைசீட்டுக்காரிக்கு அரைச் சம்பளம்தான். அவள் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுதான் தாங்கவில்லை.

பொய்க்குறி போட்டு யாரையும் காப்பாற்ற முடியாது அண்ணி. எங்கள் பக்கம் மட்டும் செய்து இது ஆகாது. ஆனால் விடமாட்டேன். வழி இருந்தால் சொல்லுங்கள்.

நாத்தனார்

*

ஆகஸ்ட் 4

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். எல்லோரையும் கேட்டதாகச் சொல். உன் அண்ணன் சொன்னதைப் பலமுறை படித்துவிட்டேன்.

பொய் வேண்டாம். இனி உண்மையையே போடுங்கள்.

உன் கடிதத்தை அறையில் உரக்கப் படித்தேன். அவர்கள் மற்ற அறைகளுக்குச் சொன்னார்கள். நம் மொழி தெரியாதவர்களுக்குக் கையைக் காட்டி, காலைக் காட்டிச் சொன்னோம். வீங்கிய கால் எல்லோருக்கும் புரிகிற மொழிதான். இத்தனை நாள் எங்களைப் பார்ப்பது இயந்திரம் என்று நினைத்திருந்தோம், இயந்திரத்தோடு என்ன பேசுவது? இப்போது அந்தப் பக்கத்தில் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்கள் என்று தெரிந்தபிறகு எல்லோருக்கும் ஒரு தெம்பு வந்திருக்கிறது.

இந்த மாதம் கடைசி வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு மணிக்குப் பிறகு நாங்கள் உட்காரப் போகிறோம். சந்தில் ஒளிந்து இல்லை, நடுவில், கேமராவுக்கு நேராக. எல்லோரும். வரிசைக்கு ஒரு ஸ்டூல், அது மட்டும்தான் கேட்கிறோம். நீங்கள் ஒருவர் விடாமல் "உட்கார்ந்திருப்பது" என்று குறி போடுங்கள். ஒருத்திக்கு மஞ்சள் சீட்டு கொடுக்கலாம். கிடங்குக்கே கொடுத்தால் பெட்டியை யார் தூக்குவது?

உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். அதற்குத் தனியாக நாள் நேரம் குறிக்கத் தேவையில்லை. நாங்கள் உட்காருவது உங்கள் திரையில் தெரியும்.

வேலை போகலாம். தெரிந்துதான் எழுதுகிறேன். நீயும் தெரிந்துகொண்டே செய், என் பேச்சைக் கேட்டு மட்டும் செய்யாதே.

மகாராணி

*

செப்டம்பர் 16

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கு எல்லோரும் நலம். நிஜமாகவே நலம். உங்கள் நலத்தை உடனே எழுதவும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்கிறேன். மூலைசீட்டுக்காரி வராமல் இருந்துவிடுவாளோ என்று பயந்தேன், வந்துவிட்டாள். எப்போதும்போல நடை, வேலை, நடை என்று போட்டுக்கொண்டே இருந்தோம். திடீரென்று என் திரையில் ஒருத்தி கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்தாள். போட்டேன். அடுத்த படத்தில் இரண்டு பேர். கண்ணாடிக்காரி திரையில் ஒரு வரிசையே. போடப் போட வந்துகொண்டே இருந்தார்கள், ஆணும் பெண்ணுமாக, முகம் அழிந்த கரும்பச்சைச் சட்டைகள். சிலர் நாய் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள் அண்ணி! ஹால் முழுவதும் ஒரே பொத்தான் சத்தம். அன்றைக்கு நாங்கள் போட்ட ஒரு குறிகூடப் பொய் இல்லை.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். உட்காரப்போகும் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் இரண்டு தட்டு தட்டினீர்கள். நேராக எங்களைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டிவிட்டு உட்கார்ந்தீர்கள். முகம் தெரியவில்லை. தெரியவேண்டிய அவசியம் இல்லை.

நான் எழுந்தேன். திரை ஓரம் சிவந்தது. கண்ணாடிக்காரி எழுந்தாள். நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் கடைசி வரிசைவரை போனது. மூலைசீட்டுக்காரி எனக்கு முன்பே எழுந்துவிட்டதாகச் சொல்கிறாள், சொல்லிக்கொள்ளட்டும். மேற்பார்வையாளர் ஓடிவந்தார்.

"என்ன எல்லாரும் நிக்கிறீங்க? உட்காருங்கம்மா."

"அவங்க உட்கார்ந்துட்டாங்க சார்," என்றாள் கண்ணாடிக்காரி. "அதான் நாங்க எழுந்துட்டோம்."

மேற்பார்வையாளர் திரைகளைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் வரிசையாகப் போய்த் தண்ணீர் குடித்தோம். வயிறு முட்டக் குடித்தோம். தாகத்துக்கு எழுந்தால் சம்பளத்தைப் பிடிக்கக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம்.

திங்கட்கிழமை போனால் ஹால் பூட்டியிருந்தது. இந்த வேலையை வேறு ஊருக்கோ, வேறு தேசத்துக்கோ என்னவோ, மாற்றிவிட்டார்களாம். எந்தப் பெண்கள் தலையில் கட்டினார்களோ. கடைசி மாதச் சம்பளம் வரவில்லை. அதை வாங்காமல் விடுவதாக இல்லை. தினமும் காலையில் எல்லோரும் ஏஜெண்ட் வீட்டு வாசலில் போய் நிற்கிறோம். உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போன காலுக்கு நல்ல பயிற்சி. அவர் மனைவியே சலித்துப்போய் எங்கள் பக்கம் பேச ஆரம்பித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் வேலை போய்விட்டது என்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"உங்க அண்ணி உட்கார்ந்தாளா?"

"உட்கார்ந்தாங்க."

"அப்ப சரி."

கட்டடம் கட்டுகிற இடத்தில் செங்கல் கணக்குப் பார்க்க ஆள் கேட்டார்களாம், உட்கார்ந்தே செய்கிற வேலை. கோலை ஊன்றிக்கொண்டு போய் வருகிறார்.

உங்களுக்கு என்ன ஆயிற்று? எழுதுங்கள் அண்ணி.

வாயாடி

*

அக்டோபர் 10

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இதை ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆம், வந்துவிட்டது. வரிசைக்கு ஒன்று. சாய்மானம் கிடையாது, ஒரு கால் ஆடுகிறது. நாய் சோபாவுக்குப் பக்கத்தில் வைத்தால் ஏழைச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும். ஆனாலும் ஸ்டூல். மஞ்சள் சீட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்குப் பதில் அரை வருடத்துக்குத்தான் புதுப்பித்தார்கள். முன்னால் நின்று பேசிய சிலருக்கு அதுவும் இல்லை. அவர்களுக்காக மறுபடி பேசிக்கொண்டிருக்கிறோம். மறுபடி உட்கார வேண்டியிருந்தாலும் உட்காருவோம். ஆபரேஷனுக்கு இந்த முறை முடியாது. உன் அண்ணனிடம் சொல், நான் மறக்கவில்லை.

உன் வேலை போனதற்கு வருத்தம் சொல்லமாட்டேன். நீ கேட்டால் கோபப்படுவாய். சம்பளத்தை விடாமல் வாங்கு.

கேமராக்கள் அப்படியே இருக்கின்றன. இப்போது எந்த ஊரில், எந்தக் கடைக்கு மேல், யார் பார்க்கிறார்களோ தெரியாது. அவர்களுக்கு எங்களை யாரென்று தெரியாது. எங்களையும் ஏதாவது பெயர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். கூப்பிடட்டும். தண்ணீர் குடித்தார்களோ இல்லையோ என்று நினைத்துக்கொள்வேன். அதனால் நான் ஸ்டூலில் உட்காருவதற்கு முன் மேலே பார்த்து ஒரு தரம் கையைக் காட்டிவிடுகிறேன். என்னைப் பார்த்து என் வரிசையும் அப்படியே செய்கிறது. பக்கத்து வரிசைகளும் ஆரம்பித்துவிட்டன. அந்தப் பக்கம் இருப்பவள் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள், இது யாருக்கு என்று யோசிக்காமலா இருப்பாள்?

உயரக்காரி இருந்த இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். சின்னப் பெண். நேற்று என்னிடம் வந்து, "யாருக்குக்கா கை காட்டுறீங்க?" என்று கேட்டாள். "என் நாத்தனாருக்கு" என்றேன்.

இன்று காலையில் பார்த்தேன். அவளும் உட்காருவதற்கு முன் அண்ணாந்து, "நாத்தனாரே, உட்காரப்போறேன்" என்று கையைக் காட்டினாள். அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

வாண்டுவுக்கு முத்தம். டப்பாக்களைத் தட்டியே மூடச் சொல்.

என்றும் உன் அண்ணி, 
மகாராணி